‘சரி’ என்ற பதிலை நம்பாதீர்கள்: அலுவலகப் பேச்சு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மேலாளர் சொன்னபடி வேலையை முடித்துக் கொடுத்தால், ‘நான் கேட்டது இது இல்லையே’ என்கிறார். மூன்று முறை ஆகிவிட்டது. தவறு யார் மேல்?

பதில்: அதை விடுங்கள். அவர் வேலையைச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘சரி’ என்று மட்டும்தானே? அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று பாருங்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில், ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்றார் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் துணை விமானி. கட்டுப்பாட்டு அறை ‘ஓகே’ என்று தொடங்கி, ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றது. அதே ஓடுபாதையில் இருந்த அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானமும் அதே நொடியில் பேசியதால் அலைவரிசையில் கீச்சொலி; கேஎல்எம் விமானிகளுக்கு ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. ஓடுபாதையில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம், கிடைத்த உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதில் கண்டிப்பு கூடியது.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ‘போன மாத விற்பனை மட்டும், கிளைவாரியாக, வியாழன் மதியத்துக்குள் அனுப்புகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கிளைவாரியாக வேண்டாம், பொருள்வாரியாக’ என்று அங்கேயே திருத்திவிடுவார்.

கேள்வி: மின்னஞ்சல் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: என்ன வேண்டும், யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள்? இவை முதல் இரண்டு வரியில் வந்துவிட்டால் மீதி எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: திருப்பிச் சொல்லச் சொன்னால் பள்ளிப் பிள்ளையைக் கேட்பது போல ஆகாதா? 15 வருட அனுபவசாலிகள் கோபப்படுவார்கள்.

பதில்: அந்த கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி, மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்ல, பேச்சு அதோடு நின்றது. அனுபவசாலிக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன்.

கேள்வி (அதே நண்பர்): ஆனாலும் மரியாதைக் குறைவுதானே? நேரமும் போகும்.

பதில்: கேட்கிற விதம் இருக்கிறது. ‘புரிந்ததா?’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘நான் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?’ என்று கேளுங்கள். நோயாளி மருந்துமுறையைப் புரிந்துகொண்டாரா என்று பார்க்க மருத்துவர்களும் இப்படித்தான் கேட்கப் பயிற்சி பெறுகிறார்கள். பொறுப்பு, வேலையைச் சொன்னவர் மேல் வந்துவிடுவதால் யாருக்கும் உறுத்தாது. நேரம் அரை நிமிடம். தப்பாகச் செய்ததைப் பிரித்து மறுபடி செய்ய இரண்டு நாள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

பதில்: மொழிப் பயிற்சியாளரைக் கேளுங்கள். திருப்பிச் சொல்வதற்குச் சரளம் வேண்டியதில்லை.

கேள்வி: குழு அரட்டையில் கட்டைவிரல் போட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மேலே சொன்னதேதான். கட்டைவிரலும் ‘சரி’தான். பார்த்தார் என்பது மட்டும் தெரியும்.

கேள்வி: ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்றேன், ‘சரி’ என்றார்கள், ஒரு வாரம் ஆகிவிட்டது.

பதில்: மறுபடியும் ‘சரி’! சீக்கிரம் என்பது தேதி இல்லை. நாளும் மணியும் சொல்லுங்கள். எண் என்றால் அலகையும் சேருங்கள். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று, ஒரு குழு பவுண்டிலும் இன்னொன்று நியூட்டனிலும் கணக்கிட்டதால் தொலைந்தது.

கேள்வி: திருப்பிச் சொல்வதைக் கேட்க எங்கள் மேலாளருக்குப் பொறுமையே இல்லை.

பதில்: மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு மாற்ற முடியாத பகுதியைக் கடைசிக்கு வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அந்தப் பகுதிக்கு வரும்போது நேரில் போய்க் கேளுங்கள்.