முதல்ல வெயிட்டைக் குறைங்க – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 27. சேலம் பக்கம் சிறிய ஊர். தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை 74 கிலோ. போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். போட்டோ, ஜாதகம் எல்லாம் பிடித்துப்போய்த்தான் வந்தார்கள். டிபன், காபி முடிந்து கிளம்பிய பிறகு தரகரிடம், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஒரு பத்து கிலோ குறைச்சா மேற்கொண்டு பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா ராத்திரி எனக்குச் சோறு போடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விற்கும் பவுடரை வாங்கிக் கரைத்துக் குடிக்கிறேன். எந்நேரமும் அசதியாக இருக்கிறது. ஏற்கெனவே எனக்கு பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளித்தான் வரும். டாக்டரிடம் போனதற்கு, "முதல்ல வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

நான் குண்டுதான், மறுக்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள்தான். என் கேள்வி இதுதான். இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் தன்மானத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகுமா? நம் ஆட்கள் இப்படி ஆனதற்கு சினிமாதானே காரணம்? இப்போது வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து கிலோ குறைத்துக் காட்டி ஒரு வீட்டுக்குள் போனால், முதல் பிரசவத்துக்குப் பிறகு ஏறும் எடைக்கும் அந்த வீட்டில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஊசியைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாது. 2025இல் அவை இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன, உண்மைதான். ஒரு டாக்டர் உங்களைச் சோதித்துப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து அது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டியதும்கூட. கல்யாணப் பேச்சை முடிப்பதற்காகப் போட்டுக்கொள்வதில்லை. சினிமாவை விடுங்கள். குஷ்பு இட்லி என்று ஆசையாகப் பெயர் வைத்ததும் அதே ரசிகர்கள்தான். குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன் என்று உடம்பையே பெயருக்கு முன்னால் சுமந்த நடிகர்களைப் பார்த்துச் சிரித்ததும் அவர்கள்தான். பெண் பார்க்க வந்தவர்களை எந்த இயக்குநரும் அனுப்பிவைக்கவில்லை.

உங்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று என்னைப் பிடித்து இழுத்தது மாப்பிள்ளை வீட்டுச் சமாசாரம் இல்லை. நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பீரியட்ஸ் தள்ளிப்போகிறது, டாக்டர் பார்க்காமலே அனுப்பிவிட்டார் என்று, அந்த வரிகள்தான். தரகர் சொன்ன பத்து கிலோவுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த உங்களுக்கு, இதில் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. 'நான் குண்டுதான், மறுக்கவில்லை' என்று குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எந்தக் குற்றத்தை? உங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

2025 நவம்பரில் சென்னையில் ஒரு படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு. கதாநாயகியைத் தூக்கினீர்களே, எவ்வளவு வெயிட் என்று கதாநாயகனிடம் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கதாநாயகி கௌரி கிஷன் அது தப்பான கேள்வி என்று நேருக்கு நேர் சொன்னபோது, இதில் என்ன தப்பு என்று கேட்டவர் வாதாடினார். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் பொய்யாக வாதாடவில்லை. அவருக்கு நிஜமாகவே அதில் தப்பு தெரியவில்லை. அடுத்தவர் எடை ஊர்ப் பொதுச் சொத்து என்று நம்புகிற வீடுகளில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் எடுக்கும் முன்பே "என்னடி இப்படி ஊதிட்டே" என்று ஒரு குரல் வரும். கேட்பவர் கெட்டவர் இல்லை. உங்களுக்கு ஒன்றென்றால் முதலில் ஓடிவருபவரும் அவராகவே இருப்பார். அதனால்தான் இதை எதிர்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். விருதுநகரில் வாழ்க்கைப்பட்டவர். பெரிய குடும்பம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரத்தில் மிச்சமிருப்பதைத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பருமனான உடம்பு. "இவ சாப்பிடறதைப் பார்த்தா தெரியலை, உடம்பைப் பார்த்தாத்தான் தெரியுது" என்பார் பெரியப்பா. திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அர்த்தம். அந்தப் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள், பெரியம்மா உட்பட.

ஒருமுறை மதுரை ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். அப்போதெல்லாம் பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் மெஷின் நிற்கும். கண்ணாடிக்குள் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் சுற்றும், கீழே ஒரு சக்கரம் ஓடி நிற்கும், காசைப் போட்டால் சின்ன அட்டை ஒன்று வந்து விழும். எடையும் இருக்கும், உங்கள் குணத்தைப் பற்றி ஒரு வரி பலனும் இருக்கும். பிள்ளைகள் பிடித்துத் தள்ளி பெரியம்மாவை ஏற்றிவிட்டார்கள். அட்டை விழுந்ததும் பெரியப்பா குனிந்து எடுத்து, வண்டிக்கு நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி எடையைப் படித்தார். 82 கிலோ. யாரும் பலனைப் படிக்கவில்லை. பெரியம்மா கையை நீட்டி அட்டையை வாங்கி, படித்துப் பார்த்து, சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்ன போட்டிருந்தது என்று நான் கேட்டதற்கு, "நல்லவளாம்" என்றார்.

அவருக்கு நாற்பது தாண்டியபோது மூச்சிரைப்பு வந்தது. மாடிப்படியில் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. காரணம்தான் கண் முன்னால் இருக்கிறதே! ஊரில் பேர்பெற்ற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பெரியம்மாவைக் கிட்டே கூப்பிடவே இல்லை. நாற்காலியில் இருந்தபடியே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்பைக் குறைங்கம்மா, ராத்திரிக்குக் கஞ்சி போதும், காலையில நடங்க" என்றார். பெரியம்மா நடந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தார். ராத்திரிக்குக் கஞ்சியும் நிறுத்திவிட்டு மோர் மட்டும் குடித்தார். கன்னம் ஒட்டியது, ரவிக்கை தொளதொளத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கே" என்றார்கள். சீக்கு அவரைத் தின்றுகொண்டிருந்ததற்கு நாங்கள் பாராட்டு சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காலையில் காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் கோணிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு இளம் டாக்டர், பெரியம்மாவை இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு பாட்டியைப் பார்த்து, "சின்ன வயசுல இவங்களுக்குக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டா வீங்குச்சா?" என்றார். பாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து வயதில் வந்திருக்கிறது. முட்டி வீங்கி, பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடந்திருக்கிறார். தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டுக்குப் போய் இதய வால்வைச் சுருக்கிவிடும் ருமாட்டிக் காய்ச்சல் அது. சுருங்கிய வால்வுக்குப் பின்னால் ரத்தம் தேங்கியதால்தான் மூச்சிரைப்பு. தேங்கிய இடத்தில் உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டதால்தான் பக்கவாதம். அந்த வால்வை விரித்துவிடும் அறுவை சிகிச்சை பெரியம்மாவின் இளவயதிலேயே வேலூரில் நடந்துகொண்டிருந்தது. நோயைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு ஸ்டெதஸ்கோப்பும் கொஞ்சம் பொறுமையும்.

அதன் பிறகும் சில வருடங்கள் இருந்தார். பேச்சு சரியாகத் திரும்பவில்லை.

குண்டானவர்களைக் கேலி செய்யாதே என்று யாரும் சொல்லிவிடலாம். நான் சொல்ல வருவது அதைவிடப் பெரியது. பருத்த உடம்பைப் பார்த்தவுடன் நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வருகிறது. ஏன் மூச்சு வாங்குகிறது, ஏன் பீரியட்ஸ் தள்ளுகிறது, வாயைக் கட்டத் தெரியாதவளா, சோம்பேறியா, அத்தனைக்கும் பதில் அந்த உடம்பிலேயே எழுதியிருக்கிறதாக நினைத்து, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். மாமியார் நிறுத்துகிறார். டாக்டர் நிறுத்துகிறார். நீங்களே உங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

எடை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் அக்கம்பக்கமாக வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். பிஎம்ஐ என்று சொல்கிறார்களே, உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, அது இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவரும் ஒல்லி. உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல்! ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை நோய் வருகிறது என்று யாஜ்னிக் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தவர். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகள் எடை குறைவு, தசை குறைவு. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிறார உண்ணாத தாயின் கர்ப்பத்திலேயே உடம்பு சேமித்துவைக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. உங்கள் பாட்டி எந்த வருஷத்தில் என்ன சாப்பிட்டார் என்று தரகருக்குத் தெரியுமா?

இன்னொன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள் 2015–16இல் 30.9 சதவீதம். 2019–21இல் 40.4. ஐந்து வருடத்துக்குள் பத்தில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா? வேலை நாற்காலிக்கு மாறியது, தீட்டிய அரிசியும் எண்ணெயும் மலிந்தன, நடக்க நடைபாதை இல்லை, தூக்கம் குறைந்தது. இத்தனையும் சேர்ந்து நடப்பதை ஒவ்வொரு பெண்ணின் குணக்கேடாக்கி அவள் தலையில் கட்டுகிறோம். நீங்களும் அதைத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டீர்கள்.

எடையால் கெடுதலே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் தேய்மானம் எல்லாம் உண்மை. உங்களுக்கு இருப்பது பிசிஓடியாக, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற ஹார்மோன் கோளாறாக இருந்தால், ஐந்து சதவீத எடை குறைந்தாலே பீரியட்ஸ் சீராவதுண்டு. உங்கள் கணக்கில் அது நான்கு கிலோகூட இல்லை. ஆக அந்த டாக்டர் சொன்னதில் பாதி சரி. எதனால் தள்ளுகிறது என்று பார்க்காமல் அனுப்பினாரே, அது மன்னிக்க முடியாதது. பிசிஓடியே எடையை ஏற்றும். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், அசதி வரும், பீரியட்ஸ் தள்ளும். மாதக்கணக்கில் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதை அப்படியே விடக்கூடாது. இதையெல்லாம் 'குண்டு' என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அந்தப் பவுடரை இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கும் தெரியாது. அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். பெண்ணுக்கு எப்படியாவது நல்லது நடந்துவிட வேண்டும் என்ற பயத்தில் ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருக்கிறார். வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் சரியாக வேண்டும், பட்டினி கிடந்து இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், கேட்பார். அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு வேறொரு மகப்பேறு டாக்டரிடம் போங்கள். கடைசி ஆறு மாதத்தில் பீரியட்ஸ் வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பிறகும் சர்க்கரை, ஒரு ஸ்கேன், இவற்றைப் பார்க்க வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அவரும் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்று தொடங்கினால், "குறைக்கிறேன் டாக்டர், அதுக்கு முன்னாடி எதனால தள்ளுதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். தரகர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா