நாற்பது வயதுக்கு மேல் தனி வகுப்பில் வாய்ப்பாட்டு கற்க முடியுமா?

குரல் முற்றிய பிறகு பக்கத்துத் தெருப் பாட்டு ஆசிரியரிடம் தனியாகக் கற்பதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 42 வயதில் கர்நாடக இசை கற்கத் தொடங்கியவன் என்ற முறையில், உண்டு என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பயன் வயதைவிட, உங்கள் குரலுக்குரிய சுருதியை (பாட்டின் அடிப்படை ஒலி உயரத்தை) ஆசிரியர் முதலில் கண்டறிகிறாரா என்பதையே பொறுத்தது.

நான் முதலில் சேர்ந்தது திருச்சியில் நடந்த ஒரு குழு வகுப்பில். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே நான் ஒருவன்தான் பெரியவன். எல்லோருக்கும் ஐந்து கட்டைச் சுருதி. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் சுருதி ஏறும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரைக் கட்டை வரை ஒத்துவரும். ஆண்களுக்கோ ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற அளவில் அமைவதே வழக்கம். ஐந்து கட்டையில் ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படை ஸ்வரமான ‘ச’வை, கீழே பிடித்தால் அதற்கும் கீழுள்ள மந்தர ஸ்தாயி தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடும்; மேலே பிடித்தால் பஞ்சமம் என்ற ‘ப’வைத் தாண்டுவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். நான்கு மாதங்கள் இப்படிக் கத்தியதில் சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சி மனப்பாடம் ஆனதே தவிர, ஒரு ஸ்வரமும் சுருதியில் நிற்கவில்லை. எனக்குப் பாட்டு வராது என்று நானே முடிவு கட்டி நின்றுவிட்டேன்.

ஓராண்டு கழித்து, ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் போனேன். அவர் முதல் நாள் சுருதிப் பெட்டியை ஒவ்வொரு கட்டையாக மாற்றிவைத்து, கீழ்ப் பஞ்சமமும் மேல் சட்ஜமும் எங்கே சிரமமின்றி வருகின்றன என்று பார்த்து, ஒன்றரைக் கட்டை என்று முடிவு செய்தார். பிறகு மூன்று வாரங்கள் அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று இழுத்து, ச, ப, மேல் ச மட்டுமே. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அதன் பின்னரே மாயாமாளவகௌளைக்கு வந்தோம். இந்த ராகத்தில் ச-ரி, க-ம ஆகியவை நெருங்கியும் ரி-க அகன்றும் இருப்பதுபோலவே, ப-த, நி-ச நெருங்கியும் த-நி அகன்றும் இருப்பதால், பூர்வாங்கத்தில் (ச முதல் ம வரை) பழகிய இடைவெளிகள் உத்தராங்கத்திலும் (ப முதல் மேல் ச வரை) அப்படியே திரும்ப வருகின்றன. தொடக்கப் பாடங்களுக்கு இதை வைத்திருப்பதன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னுடைய சுத்த ரிஷபம் (இந்த ராகத்தின் ‘ரி’) சட்ஜத்தின் அருகில் நிற்காமல், அதைவிட உயர்ந்த ‘ரி’யான சதுச்ருதியை நோக்கி ஏறிக்கொண்டே போகும். குழுவில் பத்துக் குரல்களுக்கு அடியில் மறைந்திருந்த அந்தப் பிழையை, அம்மா ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி நிறுத்திப் பிடித்தார். தனி வகுப்புக்குக் கொடுக்கும் கூடுதல் கட்டணம், என் கணக்கில், இந்தக் காதுக்குத்தான்.

வீட்டில் பயிற்சி செய்யாமல் வாரம் இரண்டு வகுப்புக்கு மட்டும் போய்வருவது வீண். வகுப்பைக் கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். காலையில் அரை மணி நேரம் அதனுடன் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாடுங்கள். முதல் காலம் நிலைக்காமல் மூன்றாம் காலத்துக்கு ஓடினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளில் ஏழு தாளங்களில் அமைந்த ஸ்வரப் பயிற்சிகளான ஏழு அலங்காரங்களை முடித்து, இப்போதுதான் மலஹரி ராகத்தின் எளிய பாடல்களான கீதங்களில் இருக்கிறேன். உடன் தொடங்கிய சிறுமி ஒருத்தி கீதங்களைத் தாண்டிய படியான வர்ணத்துக்கே போய்விட்டாள். நீங்கள் சேரும் இடத்தில் முதல் மாதம் முடிந்தும் உங்கள் கட்டை எதுவென்று ஆசிரியர் சொல்லவில்லையென்றால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் வேறொருவரைத் தேடுங்கள்.