பேங்க் தப்பா போட்ட பென்ஷனை என்கிட்ட பிடிக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்க வீட்டுக்காரர் போஸ்ட்மேனா இருந்து 2003-ல 60 வயசுல ரிட்டயர் ஆனார், 2008-ல தவறிட்டார். அப்போ இருந்து குடும்ப பென்ஷன் வாங்குறேன். போன மாசம் பேங்க்ல இருந்து லெட்டர் வந்துச்சு, 2010-ல இருந்தே எனக்கு கூடுதலா போட்டுட்டாங்களாம், 6 லட்சத்து 40 ஆயிரம் திருப்பிக் கட்டணுமாம், மாசம் 4,000 பிடிப்பாங்களாம். மேனேஜர் ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து கேக்குறார். எனக்கு 74 வயசு. வந்த பணம் அரிசிக்கும் மருந்துக்கும் போச்சு, நான் எங்க போவேன்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, முதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. அது பெரும்பாலும் பிடிச்சுக்க சம்மதம்னு எழுதின பேப்பராத்தான் இருக்கும், போட்டுட்டா அப்புறம் பேசுறது கஷ்டம்.

பீரோல பிபிஓ, அதாவது பென்ஷன் கொடுக்கச் சொல்லி வந்த உத்தரவு, இருக்கும், எடுத்து பாருங்க. குடும்ப பென்ஷன்னு போட்ட இடத்துல ரெண்டு தொகை இருக்கும், பெரிய தொகைக்கு பக்கத்துல எந்த தேதி வரைக்கும்னு எழுதியிருக்கும். ரிட்டயர் ஆனப்புறம் இறந்தவங்க குடும்பத்துக்கு பெரிய தொகை 7 வருஷம், இல்லன்னா அவருக்கு 67 வயசு ஆகியிருக்க வேண்டிய நாள், இதுல எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான். உங்க வீட்டுக்காரருக்கு அது 2010. அந்த தேதியை பார்த்து குறைக்க வேண்டியது பேங்க் வேலை, பண்ணல. அதனால இனிமே பென்ஷன் குறையும்மா, அதை தடுக்க முடியாது, சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு.

ஆனா பழசை திருப்பிக் கேக்குறது வேற விஷயம். 2014 டிசம்பர்ல ரஃபீக் மசீஹ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு, குரூப் சி, டினு சொல்ற கீழ்நிலை ஊழியர்கள்கிட்ட, ரிட்டயர் ஆனவங்ககிட்ட, 5 வருஷத்துக்கு மேல தொடர்ந்து தப்பா கொடுத்துட்டு திடீர்னு பிடிக்கிறது கூடாதுன்னு. போஸ்ட்மேன் குரூப் சி. நீங்க எதையும் மறைச்சு வாங்கல. 2022-ல கேரளா வாத்தியார் ஒருத்தர் கேஸ்லயும் இதே மாதிரிதான் தீர்ப்பு வந்துச்சு.

ஒரு சிக்கல் இருக்கு. பென்ஷன் ஆரம்பிக்கும்போது "கூடுதலா வந்தா திருப்பித் தரேன்"னு பேங்க்ல எழுதி வாங்குறது வழக்கம், 2008-ல நீங்களும் போட்டிருக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்கிட்ட பிடிக்கலாம்னு 2016-ல ஜக்தேவ் சிங் கேஸ்ல தீர்ப்பு இருக்கு, பேங்க் அதைத்தான் தூக்கிட்டு வரும். ஆனா அவர் ஒரு நீதிபதி, நீங்க போஸ்ட்மேன் மனைவி, வக்கீல் இந்த வித்தியாசத்தை எடுத்து பேசணும்.

இப்போ பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, எந்த உத்தரவுப்படி பிடிக்கிறீங்க, மாசவாரி கணக்கு கொடுங்க, நான் கையெழுத்து போட்ட பழைய பேப்பர் இருந்தா நகல் கொடுங்கன்னு. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்கிட்டு வந்துடுங்க, அந்த சீல் ரொம்ப முக்கியம். சிபென்கிராம்ஸ்னு மத்திய அரசு பென்ஷன் புகார் தளம் இருக்கு, பேரப்பிள்ளைங்க கிட்ட சொல்லி அதுலயும் போடுங்க. 30 நாள்ல பேங்க் பதில் தரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம்.

அதுக்குள்ள பிடிக்க ஆரம்பிச்சுட்டா காத்திருக்காதீங்க. கோர்ட் வளாகத்துல இருக்க சட்ட உதவி மையத்துக்கு லெட்டர், பிபிஓ, பாஸ்புக் எல்லாம் எடுத்துட்டு போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க வக்கீல் இலவசம்.