நகையும் சான்றிதழும் கணவர் வீட்டில், நானும் மகளும் அம்மா வீட்டில்

கேள்வி: கல்யாணமாகி 9 வருஷம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அடி தாங்க முடியாமல் 3 மாதத்துக்கு முன் 7 வயது மகளுடன் வேடசந்தூர் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். 22 பவுன் நகை, பி.காம். சான்றிதழ், மகளின் டி.சி. எதுவும் கையில் இல்லை. சேர்ந்து வாழ வரச்சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நானாக வெளியேறியதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை, சகோதரி. அடிக்குப் பயந்து வெளியே வந்தவருக்கு ஜீவனாம்சமும் நகையும் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் மனுப் போடுங்கள். திருப்பூருக்கு அலைய வேண்டாம்; தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டே போதும் என்கிறது பிரிவு 27. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் மனு எழுத உதவுவார். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

'அடிக்கடி அடிப்பார்' என்று மட்டும் எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. தேதி மறந்திருந்தால், 'தீபாவளிக்கு மறுநாள் இரவு, ஸ்கூல் பீஸ் கேட்டபோது' என்று எழுதலாம். ஆஸ்பத்திரி சீட்டு இருந்தால் சேருங்கள். மிரட்டல் மெசேஜ் உள்ள போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

நகை விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். '22 பவுன்' என்று ஒற்றை வரியில் எழுதினால், அவ்வளவு போடவே இல்லை என்று ஒற்றை வரியில் மறுத்துவிடுவார்கள். ஆரம் 8, நெக்லஸ் 5, நான்கு வளையல் சேர்த்து 6, செயின் 2, ஜிமிக்கி 1 என்று உருப்படி வாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பில். பில் இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெளிவாகத் தெரியும் போட்டோ. கழுத்திலும் காதிலும் போட்டுவந்ததைக் கழித்துவிடுங்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் மற்ற கணக்கையும் நம்ப மாட்டார்கள். அடகில் இருப்பது தெரிந்தால் கடையின் பெயரைக் குறிப்பிடுங்கள். பிரிவு 18-இல் விற்கத் தடையும், 19(8)-இல் நகையையும் சான்றிதழையும் திருப்பித் தரும் உத்தரவும் கேட்கலாம். சான்றிதழ் தொலைந்துவிட்டதாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அவர் கையில் இருப்பதை நீங்களே மனுவில் சொல்லியிருப்பீர்கள், இரண்டும் முரண்படும்.

60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா இழுக்கும். அதனால் மனுப் போடும் அன்றே தனி அபிடவிட்டுடன் (உறுதிமொழிப் பத்திரத்துடன்) பிரிவு 23-இல் இடைக்கால உத்தரவு கேளுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், இருவரும் சொத்து, வருமான விவரத்தை அபிடவிட்டாகத் தரவேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே தரவேண்டும் என்றது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். அவர் சம்பளக்காரர் என்பதால், பணம் கட்டாமல் விட்டால் கம்பெனியே சம்பளத்திலிருந்து நேரடியாகத் தரும்படி 20(6)-இல் உத்தரவு வாங்கலாம்.

நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுத்தே ஆகவேண்டும். ஏன் வெளியே வந்தீர்கள் என்பது அதில் பதிவாகட்டும். சேர்ந்து வாழும்படி அவர் கோர்ட்டில் டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிவிட்டால்கூட அதனாலேயே ஜீவனாம்சம் போய்விடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். சமரசம் பேசி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகள் படிப்புக்கு இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லி, இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.