அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஏமாற்றிப் பிடிபட்டால் ஜெயித்தவரிடமிருந்து வெற்றியைப் பறித்துவிடுவார்களா?

இப்போது பறிப்பார்கள். அறுபது வருடம் போலப் பறிக்காமல் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

நாஸ்காரின் முதன்மைத் தொடர் ஏமாற்று வேலையோடுதான் பிறந்தது. 1949 ஜூன் 19, சார்லட் நகரம். முதல் பந்தயத்தில் முதலில் வந்தவர் கிளென் டனவே. அவர் ஓட்டிய ஃபோர்டு, கள்ளச்சாராயம் கடத்தும் கார். சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தொங்கக் கூடாதென்று ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். அதே ஸ்பிரிங் வளைவுகளிலும் கைகொடுத்தது. சோதனையில் தெரிந்ததும் தகுதிநீக்கம். இரண்டாவது வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றி. கார் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போயும் தோற்றார்.

பிறகு இந்தக் கண்டிப்பு தளர்ந்தது. காசு கொடுத்துப் பார்த்தவன் வீட்டுக்குப் போகும்போது யார் ஜெயித்தார் என்று தெரிந்திருக்க வேண்டும், மறுநாள் பேப்பரில் வேறு பெயர் வரக் கூடாது என்பது நிறுவனர் பில் பிரான்ஸின் கொள்கை. அதனால் 1960-க்குப் பிறகு, காரில் தில்லுமுல்லு இருந்தாலும் அபராதமும் புள்ளிக் குறைப்பும்தான். வெற்றியில் கைவைக்கவில்லை.

இதன் உச்சம் 1983 அக்டோபர், அதே சார்லட். ரிச்சர்ட் பெட்டி தன் 198-வது வெற்றியைப் பெற்றார். எஞ்சின் 358 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அவருடையது கிட்டத்தட்ட 382. நம் கணக்கில் சொன்னால், அந்தக் கூடுதல் அளவு மட்டுமே ஒரு புல்லட் 350-இன் மொத்த எஞ்சினைவிட அதிகம்! போதாததற்கு, இடப்பக்கத்து மிருதுவான டயர்களை வலப்பக்கமும் மாட்டியிருந்தார்கள். தண்டனை 35,000 டாலர், 104 புள்ளிகள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் பெட்டி. எஞ்சின் பொறுப்பு தம்பி மாரிஸுடையது. வெற்றி அவரிடமே இருந்தது. இன்றும் அவர் பெயரில் எல்லோரும் சொல்லும் 200 வெற்றிக் கணக்கில் இதுவும் சேர்த்திதான்.

இப்போது கார்ல் லாங் கதை. 2009 மே, மறுபடியும் சார்லட். சொந்தக் காசில் கார் ஓட்டும் சின்ன ஆள். பயிற்சியிலேயே எஞ்சின் கெட்டுப்போனது. அதைக் கழற்றி அளந்தால் 358.17 கன அங்குலம். வரம்பைத் தாண்டியது சுமார் 2.8 மில்லி, அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். புள்ளியே கிடையாத ஆல்-ஸ்டார் வார இறுதி அது. அபராதம் 2,00,000 டாலர், 200 புள்ளிகள், 12 பந்தயத் தடை. மேல்முறையீட்டில் தடை எட்டாகக் குறைந்ததே தவிர அபராதம் குறையவில்லை. பெயரளவில் அது குரூ சீஃப், அதாவது குழுவின் தலைமை மெக்கானிக் மேல் விழுந்தது; சுமை லாங் மேல்தான். கட்ட வழியில்லாமல், 2017 வரை லாங்கால் முதன்மைத் தொடர் பக்கமே போக முடியவில்லை.

விதியை மீறினார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். பெரிய குழுவுக்கு இரண்டு லட்சம் டாலர் ஒரு செலவுக் கணக்கு. லாங்குக்கு அதுவே பிழைப்பு.

2019-இல்தான் நாஸ்கார் மனம் மாறியது: சோதனையில் தேறாவிட்டால் வெற்றி போகும். 2022 ஜூலையில் போகோனோ பந்தயத்தில் முதலில் வந்த டென்னி ஹேம்லின், இரண்டாவது வந்த கைல் புஷ் இருவரும் தகுதிநீக்கம். முன்பக்கத்தில், வண்ண ஸ்டிக்கருக்கு அடியில், ஐந்தரை அங்குல நீளத்தில் ஒட்டிய மெல்லிய டேப்தான் குற்றம். காற்றோட்டத்துக்காக அவ்வளவு நுணுக்கம்! இருவரும் ஜோ கிப்ஸ் குழு, பணத்துக்குப் பஞ்சமில்லை. அபராதம் மட்டும் என்றிருந்தால் சிரித்துக்கொண்டே கட்டியிருப்பார்கள். இந்த முறை மேல்முறையீடுகூடச் செய்யவில்லை. மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றி போனது.