வேலையை விட எத்தனை மாதச் செலவு கையில் வேண்டும்?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 36, கைக்கு வரும் சம்பளம் 60,000 ரூபாய். மனைவி, ஐந்தாவது படிக்கும் மகள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்க ஆசை. எவ்வளவு சேர்த்தால் துணியலாம்? டீ, சினிமாவைக்கூடக் குறைத்துவிட்டோம். மாதம் 10,000-க்கு மேல் மிஞ்சவில்லை.

பதில்: ரூபாயில் கேட்பதை விட்டுவிட்டு மாதத்தில் கேட்டுப் பாருங்கள். இப்போது செலவு 50,000. ஒரு வருடம் சேர்த்தால் 1,20,000. வீடு இரண்டரை மாதம்கூட ஓடாது. செலவை 35,000 ஆக்கினால் வருடத்துக்கு 3 லட்சம் சேரும். அது எட்டரை மாதத்துக்கு வரும். சேமிப்பு இரண்டரை மடங்கு, ஆனால் தாக்குப்பிடிக்கும் காலம் மூன்றரை மடங்கு! சம்பளம் 15,000 கூடி, அதைத் தொடாமல் அப்படியே சேர்த்திருந்தாலும் ஆறு மாதம்தான் வந்திருக்கும். தொழில் தொடங்கிய பிறகும் 35,000 வந்தாலே வீடு ஓடிவிடும் என்பது உபரி லாபம்.

அந்த 15,000 டீயில் இல்லை. டீயைத் தாராளமாகக் குடியுங்கள். கேட்காமலே மாதாமாதம் போவதைப் பாருங்கள்: வாடகை, வண்டித் தவணை, போன் தவணை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிற பழக்கம் இருந்தால் முதல் வேலை அதை அடைப்பது. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 40-ஐத் தாண்டிவிடும். எந்தச் சேமிப்பும் அதற்கு ஈடு தராது. வாடகைதான் கசப்பான இடம். மகள் ஆறாவதுக்குப் பள்ளி மாறுவாள் என்றால், வீட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். மொய்யில் மட்டும் கை வைக்காதீர்கள். நோட்டில் எழுதியிருக்கிற கடன் அது, திருப்பித்தான் ஆக வேண்டும்.

‘வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்த பிறகே வேலையை விடலாம்’ என்று இணையத்தில் படித்துப் பயந்திருப்பீர்கள். அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரச் சந்தைகளை வைத்து, ஓய்வு பெற்றவர்களுக்காக 1994-இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது அது. நீங்கள் ஓய்வு பெறவில்லை, வேறு வேலைக்குப் போகிறீர்கள். என் கணக்கில் 12 மாதச் செலவு போதும்: 4,20,000. மாதம் 25,000 சேர்த்தால் 17 மாதம். பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதியில் போடாதீர்கள், 15 வருடப் பூட்டு. வங்கி வைப்பே சரி. வட்டியோடு சேர்த்து ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மார்ச் இறுதியில் விலகினால், எல்லோரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ரிட்டர்ன் சீசன் உங்கள் முன்னால் இருக்கும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு ஒன்று உண்டு. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிப் பாலிசியில் 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம், அது வாங்கிய நாளிலிருந்துதான் ஓடும். அதனால் ராஜினாமாக் கடிதத்துக்கு 17 மாதம் காத்திருங்கள்; குடும்பப் பாலிசியை இந்த மாதமே எடுங்கள்.