விற்ற காருக்கு வந்த சம்மன்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன்பு என் பழைய காரை புரோக்கர் மூலம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. இப்போது அந்தக் கார் ஒருவர் மீது மோதியிருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்குச் சம்மன். விற்ற வண்டிக்கு நான் எப்படிப் பொறுப்பு? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30)-இன்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கைமாறியதும் சாவி கைமாறியதும் உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. அடிபட்டவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், கார் ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கை மாறியிருந்தது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-ல் விபத்து; காருக்கு இன்சூரன்ஸும் இல்லை. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, கடைசியாக வாங்கியவர்களை விட்டுவிட்டு, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளையே இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது.

பிரிவு 50-இன்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். விற்றவர் தெரிவிப்பதற்கான படிவம்தான் 29. அதை நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள், ஆனால் புரோக்கரின் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. "நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பதற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் விபத்து நாளன்று காருக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று பாருங்கள். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். பாலிசி உயிரோடு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிரிவு 157, வண்டி கைமாறும்போது பாலிசியும் கூடவே மாறியதாகக் கருதுகிறது. அதனால் மூன்றாம் நபருக்கான, அதாவது அடிபட்டவருக்கான, இழப்பீட்டிலிருந்து இன்சூரன்ஸ் நிறுவனம் "பெயர் மாறவில்லை" என்று நழுவ முடியாது. ஒரு ஆபத்து மட்டும் உண்டு: ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லையென்றால், முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். அந்த உரிமையாளர் மறுபடியும் நீங்கள்தான்.

சம்மனைத் தபால்காரரிடம் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு போடுவார்கள். ஒரு வழக்கறிஞர் மூலம் எதிருரை (உங்கள் தரப்பு எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்யுங்கள். விற்பனைக் கடிதம், வாங்கியவரின் ஆதார் நகல், வங்கியில் பணம் வந்ததற்கான பதிவு, புரோக்கருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேருங்கள். வாங்கியவரையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேளுங்கள். இதனால் உங்கள் பொறுப்பு போய்விடாது. ஆனால் நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், அதை அவரிடமிருந்து திரும்பக் கேட்டு சிவில் வழக்குப் போட இந்த ஆவணங்கள்தான் கை கொடுக்கும்.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். அஜாக்கிரதையாக ஓட்டிய குற்றம் ஓட்டியவருடையது. ஆனால் வண்டி யார் கையில் இருந்தது என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் கொடுங்கள். பிரிவு 133 உரிமையாளருக்கு அந்தக் கடமையை வைத்திருக்கிறது.

தாமதமானாலும் ஆர்.டி.ஓ.வுக்கு இந்த வாரமே எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். நடந்துபோன விபத்துக்கு அது உதவாது. அந்தக் கார் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்காகத்தான்.

வாங்கியவரின் முகவரி உங்களிடம் இல்லையென்றால், புரோக்கரின் போன் எண் இன்னும் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அடித்துப் பாருங்கள்.